கடலை இழந்த மலைநாடு: திருகோணமலைத் துறைமுகமும் கண்டி இராச்சியமும்

கெலிஓயாவை அணைத்து ஓடும் மகாவலி கங்கை, பேராதனையைக் கடந்து, கண்டி மாநகரை வளைந்து, கிழக்கு நோக்கி இறங்கி, 335 கிலோமீற்றர் தூரம் சென்று திருகோணமலைக்குத் தெற்கேயுள்ள கொட்டியாரக்குடாவிற் கடலொடு கலக்கின்றது. மலைநாட்டிற் பெய்யும் மழைநீர் கடலைக் காணும் இடமும், மலைநாட்டை ஆண்ட மன்னர் கடலைக் காண விழைந்த இடமும் ஒன்றே. கண்டி இராச்சியத்தின் இயற்கையான கடல்வாயில் திருகோணமலையே என்பதை நிலப்படமே எடுத்துரைக்கும். ஆயினும், உலகிற் சிறந்த துறைமுகங்களுள் ஒன்றைத் தன் எல்லையுட் கொண்டிருந்த அவ்விராச்சியம், இருநூறு ஆண்டுக் காலத்தில் ஒருமுறையேனும் அதனைத் தன் கருத்துப்படி ஆளமுடியாது போயிற்று. அதன் காரணத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் அத்துறையின் அமைப்பை நோக்குவோம். கிழக்கே கடலை நோக்கி நீண்டு, செங்குத்தான பாறையாய் முடிவுறுவது சுவாமிமலை. அதன் உச்சியிலே கோணேசர் கோயில் விளங்குகின்றது. அப்பாறைக்குத் தெற்கே பரந்து கிடப்பது கொட்டியாரக்குடா. அக்குடாவின் வடபாகத்தில், ஒடுங்கிய வாயிலொன்றின் வழியே உட்புகுந்தால், குன்றுகளாற் சூழப்பட்ட உட்துறைமுகத்தை அடையலாம். எத்திசைக் காற்றும் அங்கு அலையெழுப்ப வல்லதன்று. நீரோ மிக ஆழமானது. பெருங் கப்பல்கள் பல ஒருங்கே நங்கூரமிட்டு நிற்கத்தக்க இடப்பரப்பும் உண்டு. மனிதர் கல்லிட்டு, அணைகட்டி, மண் தோண்டி அமைக்க வேண்டியதை எல்லாம் இயற்கையே அங்கு அமைத்து வைத்திருக்கின்றது.

இத்துறையின் பழமையும் சாலப் பெரிது. பாளி நூல்கள் கோகண்ணம் என்று இதனைக் குறிக்கும். ஏழாம் நூற்றாண்டிலே திருஞானசம்பந்தர் கோணமலைக்குத் திருப்பதிகம் பாடியருளினார். சோழராட்சிக் காலத்திற் பொறிக்கப்பட்டு நிலாவெளியிற் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு, கோகர்ணத்துக் கோயிலுக்கு நிலம் அளிக்கப்பட்ட செய்தியைக் கூறுகின்றது. குளக்கோட்டன் திருப்பணி செய்தான் என்னும் மரபுவழிச் செய்தியும் அப்பகுதி மக்களின் நினைவில் இன்றளவும் நிலைபெற்றுள்ளது. கோயிலும் துறையும் வணிகரும் ஒருங்கே வளர்ந்த பட்டினம் அது.

மலைநாடும் அக்காலத்திற் கடலுக்கு அயலாக இருந்ததன்று. கெலிஓயாவிலிருந்து தவுலகலைக்குச் செல்லும் சாலையை அடுத்த உடுநுவரைப் பகுதியிலே கடலாதெனிய விகாரை இருக்கின்றது. 1344ஆம் ஆண்டில் எழுந்த அவ்விகாரையைச் சமைத்த தலைமைச் சிற்பி கணேசுவராசாரி என்பவன் என்று அங்குள்ள பாறைக் கல்வெட்டே சான்று பகர்கின்றது. தென்னிந்தியக் கட்டடக்கலை கம்பளை மன்னர் நாட்டில் வேரூன்றியமைக்கு அக்கற்றளி கண்கூடான சாட்சி. கலைஞரும் வணிகரும் துறவியரும் கடல்கடந்து மலைநாட்டிற்கு வந்து சென்றனர். கடல் அன்று தடையாகவன்றி வழியாகவே இருந்தது.

கடல்வழி எவ்வாறு அடைபட்டது என்பதை உணர்வதற்குப் பாய்க்கப்பற் காலத்தின் நியதியொன்றை அறிதல் வேண்டும். பாய்க்கப்பல் காற்றின் அடிமை. சோளகக் காற்று வீசும் மாதங்களிற் சோழமண்டலக் கரையிலே கப்பல்கள் நிற்கலாம். பண்டம் ஏற்றி இறக்கலாம். ஐப்பசியில் வாடைக்காற்றும் புயலும் தொடங்கியதும் அக்கரை முழுவதும் கப்பல்களுக்குக் கொலைக்களமாகிவிடும். நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் சென்னையிலும் அக்காலத்தில் இருந்தவை திறந்த கடற்றுறைகளே. புயலுக்கு ஒதுங்கத்தக்க மூலை ஒன்றேனும் அவற்றில் இல்லை. சென்னையிற் செயற்கைத் துறைமுகம் அமைந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான். ஆகவே வங்கக் கடலின் மேலைக்கரையில், வாடைக் காலத்திற் பெருங்கப்பற்படையொன்று தங்கிப் பழுதுபார்த்துக்கொள்ளத்தக்க இயற்கைத் துறை திருகோணமலை ஒன்றே. அதனை உடையவன் ஆண்டு முழுதும் அக்கடலில் நிற்பான். இல்லாதவன் ஆண்டுதோறும் விலகிச் சென்று மீள்வான். ஐரோப்பிய வல்லரசுகள் இத்துறையை நாடியமைக்கு மூலகாரணம் இதுவே.

பதினாறாம் நூற்றாண்டின் இறுதியிற் கண்டியில் அரசமைத்த முதலாம் விமலதர்மசூரியனுக்கு இலங்கைக் கரையைப் பிடித்திருந்த போர்த்துக்கேயரே பெரும் பகைவர். தரையில் அவர்களைப் பன்முறை முறியடிக்க அவனால் இயன்றது. கடலில் அவர்களைத் தொடவும் இயலவில்லை. 1602இல் ஒல்லாந்தக் கப்பற்றலைவனாகிய ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பில் இறங்கிக் கண்டிக்குச் சென்றபோது, மன்னன் அவனைப் பெருமகிழ்வோடு வரவேற்றான். ஒல்லாந்தர் இந்நாட்டிற் கோட்டை கட்ட விரும்பினால், தானும் தன் அரசியும் மக்களும் அதற்குரிய கல்லையும் சுண்ணாம்பையும் தோளிற் சுமக்கவும் ஆயத்தமாக இருப்பதாக அவன் உரைத்தான் என்று அப்பயணக் குறிப்புத் தெரிவிக்கின்றது. ஓர் அரசன் தன் நாட்டில் அந்நியர் கோட்டை எழுவதற்குத் தானே கல் சுமக்க முன்வந்தான் என்றால், கப்பலின்மை அவனை எத்துணை வருத்தியது என்பதை உய்த்துணரலாம்.

அவனுக்குப் பின் வந்த செனரத் மன்னனும் அவ்வழியிலேயே சென்றான். 1612இல் ஒல்லாந்தரோடு உடன்படிக்கை செய்து கொட்டியாரத்தில் அரண் அமைக்க இடங்கொடுத்தான், அது நிலைக்கவில்லை. போர்த்துக்கேயர் அதனை அழித்தனர். பின்னர் அவன் தூதன் டென்மார்க்கு நாட்டை அடைந்து உதவி வேண்ட, 1620இல் ஓவே கெத்தே என்பவன் தலைமையில் தேனியக் கப்பல்கள் திருகோணமலைக் கரையை வந்தடைந்தன. தூதனோ வழியிலேயே இறந்துவிட்டான். தேனியர் அங்குச் சிலகாலம் தங்கி அரண் கட்டத் தொடங்கியும் அம்முயற்சி முற்றுப்பெறவில்லை. அவர்கள் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் இடம்பெற்றுத் தரங்கம்பாடியில் நிலைகொண்டனர். தரங்கம்பாடிக் கோட்டையின் வரலாறு திருகோணமலையிலே தொடங்குகின்றது என்று கூறினும் மிகையாகாது.

கண்டி மன்னர் அந்நியரை மேன்மேலும் அழைப்பதைக் கண்ட போர்த்துக்கேயர் விழிப்படைந்தனர். தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா, 1622க்கும் 1624க்கும் இடைப்பட்ட காலத்திற் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக்கொண்டே சுவாமிமலையின் கழுத்துப் பகுதியிற் கோட்டையை எழுப்பினான். தெய்வம் உறைந்த கற்றளி, பீரங்கி உறையும் கொத்தளமாயிற்று. கோட்டை வாயிலிற் பதிந்துள்ள கற்களில் இணைக்கயற் சின்னமும் தமிழ்க் கல்வெட்டும் இன்றும் காணக்கிடக்கின்றன. வரலாறு எழுதுவோர் ஏட்டைத் தேடுமுன் அவ்வாயிலைத் தேடுதல் தகும்.

செனரத்தின் மகனாகிய இரண்டாம் இராசசிங்கன் தந்தையினும் மதிநுட்பம் மிக்கவன். 1638இல் ஒல்லாந்தக் கப்பற்படை மட்டக்களப்புக் கோட்டையை வென்றதும், அவன் தளபதி வெஸ்டர்வோல்ட்டுடன் உடன்படிக்கை செய்தான். கைப்பற்றப்படும் கோட்டைகளில் ஒல்லாந்தர் படை வைக்கலாம் என்பது அதன் மூன்றாம் பிரிவு. ‘மன்னர் தக்கதென எண்ணினால்’ என்னும் பொருள்பட்ட தொடரொன்று மன்னனிடம் இருந்த படியிற் காணப்பட்டது. ஒல்லாந்தர் படியில் அது காணப்படவில்லை. அச்சிறு தொடரிலே ஓர் இராச்சியத்தின் தலைவிதி தொங்கிக்கொண்டிருந்தது.

1639இல் ஒல்லாந்தர் திருகோணமலைக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பறித்தனர். அக்கோட்டை பின்னர் இடிக்கப்பட்டது. 1640இற் காலியும், 1656இற் கொழும்பும், 1658இல் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் வசமாயின. போர்த்துக்கேயர் தீவைவிட்டு அகன்றனர். ஆனால் கரை கண்டி மன்னனிடம் மீளவில்லை. கொழும்பைத் தன்னிடம் ஒப்படைப்பர் என்று எதிர்பார்த்த மன்னனுக்கு நகரின் வாயிற்கதவு அடைக்கப்பட்டது. இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கிய கதை என்று சிங்கள மக்கள் இதனைப் பழமொழியாற் சுட்டுவர். கப்பலற்ற அரசன் கப்பலுடையவனை வாடகைக்கு அமர்த்தியபோது, வாடகைக்கு வந்தவனே வீட்டுக்காரனாகிவிட்டான்.

இவ்வேமாற்றத்தின் பின் இராசசிங்கன் கரையோரம் வந்த அந்நியர் யாவரையும் ஐயக்கண்கொண்டே நோக்கினான். 1659ஆம் ஆண்டின் இறுதியிற் புயலாற் பாய்மரம் இழந்த ‘ஆன்’ என்னும் ஆங்கிலக் கப்பல் பழுதுபார்க்கக் கொட்டியாரக்குடாவை அடைந்தது. 1660இல் அதன் தலைவனாகிய முதிய நொக்சும், அவன் மகன் றொபேட் நொக்சும், மாலுமிகள் சிலரும் மன்னனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டு மலைநாட்டிற்குக் கொண்டுசெல்லப்பட்டனர். தந்தை 1661இல் மாண்டான். மகனோ பத்தொன்பது ஆண்டுகள் சிறையின்றிச் சிறைப்பட்டிருந்தான். கெலிஓயாவுக்கு அண்மையில், உடுநுவரையைச் சேர்ந்த எலதெத்தையில் வீடு கட்டித் தோட்டம் செய்து, ஊரவரோடு கொடுக்கல் வாங்கல் நடத்தி வாழ்ந்தான். 1679இல் தோழன் ஒருவனோடு அநுராதபுரக் காட்டுவழியே தப்பி, அரிப்பிலிருந்த ஒல்லாந்தக் கோட்டையை அடைந்தான். 1681இல் இலண்டனில் வெளிவந்த அவன் நூல், அக்காலக் கண்டி நாட்டு வாழ்க்கையை அறிய இன்றியமையாத மூலமாக விளங்குகின்றது.

நொக்சின் கதையில் மாணாக்கர் ஊன்றி நோக்கவேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. கரைக்கு வந்த மாலுமிகளைப் பிடிக்க மன்னனால் முடிந்தது. அம்மாலுமிகளைக்கொண்டு கப்பல் கட்டவும் செலுத்தவும் அவன் கருதியதாகத் தெரியவில்லை. கடலோடிகள் பலர் அவன் நாட்டு ஊர்களிற் சிதறிக் கிடந்து, தொப்பி பின்னியும் நெல் கடன்கொடுத்தும் காலங்கழித்தனர்.

1665இல் ஒல்லாந்தர் திருகோணமலையை மீண்டும் பிடித்துப் புதுக்கோட்டை எழுப்பினர். அடுத்த சில ஆண்டுகளில் மட்டக்களப்பும் கொட்டியாரமும் அவர்கள் கைப்பட்டன. மலைநாட்டுப் பாக்கு வெளியேறும் வழியும், உப்பும் துணியும் உட்புகும் வழியும் அவர்கள் விருப்பிற்கு அடங்கின. மன்னன் மீண்டும் பழைய மருந்தையே நாடினான். 1672இற் பிரான்சியக் கப்பற்றலைவன் டி லா ஹே கொட்டியாரக்குடாவிற்கு வந்தபோது, அக்குடாவை அவனுக்கு அளித்தான். சில மாதங்களுள் வான் கூன்சின் தலைமையில் வந்த ஒல்லாந்தக் கப்பற்படை பிரான்சியரை வெளியேற்றிற்று. அவர்கள் மயிலாப்பூரை அடுத்த சாந்தோமுக்கு ஏகினர். கண்டிக்குத் தூது சென்ற லானெரோல் என்னும் பிரான்சியப் பெருமகன் மட்டும் இந்நாட்டிலேயே தங்கிவிட்டான். அவன் பெயர்தாங்கிய குடும்பத்தினர் இலங்கையில் வழிவழியாக வாழ்ந்து வருகின்றனர்.

இராச்சியத்தின் கடல்வறுமையை 1753ஆம் ஆண்டு நிகழ்ச்சியொன்று தெளிவாகப் புலப்படுத்தும். கீர்த்தி ஸ்ரீ இராசசிங்க மன்னன் நாட்டில் அருகிப்போன பௌத்த குருத்துவத்தை மீளவும் நிறுவச் சீயத்திலிருந்து உபாலி தேரரையும் அவருடன் பிற பிக்குகளையும் வருவித்தான். அவர்கள் வந்திறங்கிய துறை திருகோணமலை. அவர்களைச் சுமந்து வந்த கப்பலோ ஒல்லாந்தருடையது. மதுரையிலிருந்து நாயக்கர் குல மகளிரைப் பட்டத்தரசியராக அழைத்துவரவும் கண்டியரசு ஒல்லாந்தர் கப்பலை நாடவேண்டியிருந்தது. மன்னனின் சமயமும் மணமும் பிறர் மரக்கலத்தின் தயவில் நின்றன. கப்பலைக் கொடுத்தவர் மறுத்த நாளில் அரசன் என் செய்ய வல்லன்?

அந்நாளும் வந்தது. 1761இல் மூண்ட போரில் மலைநாட்டுப் படை கரையோரக் கோட்டைகள் சிலவற்றைத் தாக்கியது. 1762இற் சென்னையிலிருந்து ஆங்கிலத் தூதன் பைபஸ் திருகோணமலைக் கரையில் இறங்கிக் கண்டிக்குச் சென்றும் மன்னனுக்கு உறுதியான உதவி கிட்டவில்லை. 1765இல் ஒல்லாந்தர் படை கண்டி நகருட் புகுந்து சிலகாலம் தங்கிற்று. 1766இல் எழுதப்பட்ட உடன்படிக்கையால், முன்னர் மன்னனுக்குரியதாயிருந்த கரையோரமும் உட்படத் தீவைச் சூழ்ந்த கடற்கரை முழுவதும் ஒல்லாந்தக் கும்பினிக்குரியதாயிற்று. தன் நாட்டு மக்கள் உப்பெடுப்பதற்கும் மன்னன் உடன்படிக்கையில் உரிமை பெறவேண்டியதாயிற்று. கடல் சூழ்ந்த தீவின் நடுவிலே கடலற்ற இராச்சியம் ஒன்று பிறந்தது.

கண்டியின் கையைவிட்டுப் போன துறை ஒல்லாந்தர்க்கு நிலைத்ததோ எனின், அதுவும் இல்லை. கோட்டை எத்துணை வலிதாயினும் கப்பற்படை துணை நில்லாவிடின் பயனில்லை என்பதை 1782ஆம் ஆண்டு உலகிற்கு உணர்த்தியது. அவ்வாண்டு சனவரி மாதத்தில் ஆங்கிலக் கப்பற்றலைவன் ஹியூஸ் திருகோணமலைக் கோட்டையையும், உட்துறைமுக வாயிலைக் காத்து நின்ற ஒஸ்ரன்பேக் கோட்டையையும் கைப்பற்றினான். காவற்படையை நிறுத்திவிட்டுச் சோழமண்டலக் கரைக்குச் சென்றான். ஓகத்து மாத இறுதியிற் பிரான்சியத் தலைவன் சுப்ரென் துருப்புக்களை இறக்கித் தரைவழியே கோட்டையை வளைத்துச் சில நாட்களிற் கைப்பற்றினான். செத்தெம்பர் 2ஆம் நாள் ஹியூஸ் விரைந்து மீண்டபோது, கோட்டை மீது பிரான்சியக் கொடி பறந்துகொண்டிருந்தது. ஆண்டொன்றிலே இருமுறை கைமாறிய மதில்கள் அவை. இருமுறையும் உள்ளே நின்ற படைக்குக் கடல்வழி உதவி உரிய காலத்தில் வந்து சேரவில்லை.

மறுநாள், 1782 செத்தெம்பர் 3இல், திருகோணமலைக்கு அப்பாற் கடலிற் பெரும்போர் மூண்டது. சுப்ரெனிடம் 14 பெரும் போர்க்கப்பல்களும் ஹியூசிடம் 12 கப்பல்களும் இருந்தன. மாலைவரை பீரங்கிகள் முழங்கின. பாய்மரங்கள் முறிந்து விழுந்தன. முடிவான வெற்றி எவர்க்கும் கிட்டவில்லை. இவ்விரு தலைவரும் 1782இலும் 1783இலும் ஐந்துமுறை பொருதனர். சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், கடலூர் ஆகிய தமிழகக் கரைகளுக்கு அப்பால் மூன்று போர்களும், இலங்கையின் கிழக்குக் கரைக்கு அப்பால் இரண்டு போர்களும் நிகழ்ந்தன. தமிழர் வாழும் இருகரைகளுக்கும் இடைப்பட்ட கடலே இரு வல்லரசுகளின் போர்க்களமாயிற்று. வாடைக்காற்றுத் தொடங்கியதும் ஹியூஸ் பம்பாய்க்குச் சென்றே கப்பல்களைப் பழுதுபார்க்க வேண்டியிருந்தது. துறையின் அருமையை இழந்த பின்னரே ஆங்கிலேயர் முற்றாக உணர்ந்தனர்.

சமாதானத்தின் பின் துறை ஒல்லாந்தரிடம் மீண்டது. ஆங்கிலேயரோ அதனை மறக்கவில்லை. 1795 ஓகத்தில், தளபதி ஸ்டுவட்டும் கப்பற்றலைவன் ரெய்னியரும் முற்றுகையிட்டு இரு கோட்டைகளையும் பெற்றனர். 1796இற் கொழும்பும் வீழ்ந்தது. 1802இல் அமியன் உடன்படிக்கையாற் கரையோர இலங்கை ஆங்கிலேயர்க்கு உறுதியாயிற்று. ஆங்கில இளவரசர் ஒருவரின் பெயரால் திருகோணமலைக் கோட்டை பிரெடெரிக் கோட்டை என வழங்கலாயிற்று.

இதன்பின் நிகழ்ந்தவை கண்டியர்க்குத் துறையிழப்பின் முழுப்பொருளையும் விளக்கின. 1803இல் மக்டோவல் கொழும்பிலிருந்தும் பார்பட் திருகோணமலையிலிருந்தும் படைநடத்திக் கண்டியை அடைந்தனர். அவர்கள் கண்டது ஆளற்ற நகர். காடும் காய்ச்சலும் கண்டி வீரரும் அவர்களைத் துன்புறுத்த, அவ்வாண்டு யூன் மாதத்தில் அங்கு எஞ்சிய படை அழிந்தது. மலையரண் கல்லரணினும் வலிது என்பதை அவ்வெற்றி காட்டிற்று. ஆயினும் தோற்றவர்க்குக் கடல்வழி மீண்டும் படை வந்து சேர்ந்தது; வென்றவர்க்கு வெளியுதவி வர வழியில்லை. 1815இல், உள்நாட்டுப் பிரதானிகளின் பகையும் சேர, கொழும்பு, நீர்கொழும்பு, காலி, மட்டக்களப்பு, திருகோணமலை ஆகிய பல திசைகளிலிருந்தும் படைகள் எழுந்தன. ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் சிறைப்பட்டான். மார்ச்சு 2ஆம் நாள் கண்டி உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. மன்னன் பின்னர் ஆங்கிலேயர் கப்பலில் ஏற்றப்பட்டு வேலூருக்கு அனுப்பப்பட்டான்.

கண்டியிலிருந்து தம்புள்ளை, ஹபரணை வழியாக ஏறக்குறைய 180 கிலோமீற்றர் பயணஞ்செய்து இன்று பிரெடெரிக் கோட்டையைக் காணச் செல்லும் மாணாக்கர் ஒன்றைக் கூர்ந்து நோக்குக. அக்கோட்டையின் தடித்த மதில் கடலை நோக்கியதன்று. நகரை நோக்கி, தரையை நோக்கி, சுவாமிமலையின் கழுத்தைக் குறுக்கறுத்து நிற்பது. கடற்பக்கத்திற் பாறையே மதில். கட்டியோர் கடல்வழி வந்தவர். தரைவழி வரும் பகைக்கு அஞ்சியவர். அம்மதிலைக் கடந்தால் ஆலமர நிழலிற் புள்ளிமான்கள் உலவக் காணலாம். மேலே ஏறினால் 1963இற் குடமுழுக்குக் கண்ட கோணேசர் ஆலயத்தை அடையலாம். இடித்துக் கட்டிய கோட்டை பழம்பொருளாயிற்று. இடிக்கப்பட்ட கோயிலோ மீண்டும் உயிர்பெற்று நிற்கின்றது.

கண்டி மன்னர் ஏன் கப்பற்படை அமைத்திலர் என்னும் வினா இங்கு எழும். மரத்திற்குக் குறைவில்லை. துப்பாக்கி செய்யும் கம்மியரும் கண்டியில் இருந்தனர். ஆனால் கப்பற்படை மரத்தாலும் இரும்பாலும் மட்டும் ஆவதன்று. இடையறாது தன் ஆணைக்கு அடங்கிய கரையும், கடலே தொழிலாகக் கொண்ட மக்களின் நம்பிக்கையும், ஆண்டாண்டு தோறும் செலவிடப் பொருளும் அதற்கு வேண்டும். கள்ளிக்கோட்டைச் சாமூதிரிக்குக் கடலோரமே தலைநகர். அவன் பக்கம் நின்ற குஞ்ஞாலி மரைக்காயர் சிறுகலங்களைக் கொண்டே ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக் காலம் போர்த்துக்கேயரை அலைக்கழித்தனர். சீதாவக்கை மாயாதுன்னைக்கும் சாமூதிரியின் கடற்படை துணைவந்தது. கண்டியோ மலையிலே பிறந்த அரசு. மலையே அதன் வாழ்வு. கொட்டியாரமும் மட்டக்களப்பும் வன்னிமைகளின் ஆட்சியில் இருந்து திறைசெலுத்திய புறநாடுகளாகவே அதற்குத் தோன்றின. கரையைத் திறைநிலமாகக் கருதிய அரசு, அதனைத் தன் உடலுறுப்பாகக் கருதியிருந்தால் வரலாறு வேறுவிதமாக நடந்திருக்கவும் கூடும்.

ஒரு கப்பற்படையை மற்றொரு கப்பற்படையால் ஒழிக்க முயன்ற மன்னரை அறிவிலிகள் என இகழ்தலும் நேர்மையன்று. இருந்த கருவியைக்கொண்டு இயன்றதைச் செய்தனர். போர்த்துக்கேயரை ஒழிக்க வேறு வழி அவர்க்கு இருந்ததாகத் தோன்றவில்லை. மூன்று ஐரோப்பிய வல்லரசுகளுக்கு எதிரே இருநூறு ஆண்டுகளுக்கு மேல் தனித்து நின்ற பெருமையும் ஆசியாவில் மிகச் சில அரசுகளுக்கே உண்டு. அவர்தம் திறன் குறைந்ததன்று. அது சென்றெட்டும் எல்லை கடற்கரையோடு முடிந்தது.

கடற்றிறன் இத்தீவில் இல்லாதிருந்ததும் அன்று. வல்வெட்டித்துறைக் கம்மியர் கட்டிய அன்னபூரணி என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கர் ஒருவர் விலைக்கு வாங்க, அவ்வூர் மாலுமிகளே அதனைச் செலுத்திச் சென்று 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர்த் துறையிற் சேர்த்தனர். நீராவிக்கப்பல் கடலை ஆண்ட காலத்தும் அழியாதிருந்த அத்தொழில், பாய்க்கப்பலே கடலை ஆண்ட காலத்தில் எந்த அரசின் கையிலும் ஆற்றலாகத் திரளவில்லை. கடலோடி ஒருபுறமும் அரசன் மறுபுறமும் இருந்தமையே இந்நாட்டின் குறை. பாய்க்கப்பற் காலத்தின் மற்றொரு நினைவுச்சின்னத்தையும் இங்குக் குறிப்பிடலாம். 1817இற் பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்குமரத்தாற் கட்டிய ஆங்கிலப் போர்க்கப்பலுக்குத் திருகோணமலை என்றே பெயர். அக்கப்பல் இங்கிலாந்தின் ஹாட்டில்பூல் நகரில் இன்றும் நீரில் மிதந்து நிற்கின்றது. துறையின் பெயரைத் தாங்கிய கப்பல் ஒன்று உண்டு. அது துறைக்குரிய நாட்டின் கப்பல் அன்று.

நீராவியும் எண்ணெயும் வந்த பின்னரும் இத்துறையின் பாடம் மாறவில்லை. 1942 ஏப்பிரில் 9ஆம் நாள் யப்பானிய வானூர்திகள் திருகோணமலையைத் தாக்கின. ஆங்கிலேயரின் பெருங்கப்பற்படை அப்போது அங்கு இல்லை. துறையிலிருந்து வெளியேறிய ஹேர்மிஸ் என்னும் வானூர்தித் தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. 1957இல் ஆங்கிலேயர் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தனர். சீனக்குடாவில் அவர்கள் விட்டுச்சென்ற பெரும் எண்ணெய்த் தாங்கிகளில் 99 எஞ்சின. அவற்றைப் பயன்படுத்துவது குறித்து 2022 சனவரியில் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. 14 தாங்கிகள் இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திற்கும், 61 இரு தரப்பாரும் சேர்ந்த நிறுவனத்திற்கும் என வகுக்கப்பட்டன. கூட்டு முயற்சியைக் குறைகூறுதல் இங்கு நோக்கமன்று. கைச்சாத்திடுவோர் 1638ஆம் ஆண்டு உடன்படிக்கையின் மூன்றாம் பிரிவை ஒருமுறை நினைத்துக்கொள்ளுதல் நலம்.

திருகோணமலையின் வரலாறு உணர்த்தும் உண்மை இதுவாகும்: துறைமுகம் என்பது இயற்கை அளிக்கும் கொடை; அதனை உடைமையாக்குவது மதிலும் பீரங்கியும் அல்ல, அதில் நிற்கும் மரக்கலமும் அம்மரக்கலத்தைச் செலுத்தும் மக்களுமே. போர்த்துக்கேயர் கட்டிய கோட்டை ஒல்லாந்தரையும், ஒல்லாந்தர் கட்டியது பிரான்சியரையும் ஆங்கிலேயரையும் தடுத்திலது. கட்டியவர் எல்லாரும் சென்றனர். கற்கள் மட்டும் நிற்கின்றன. பொருள் ஒன்றின் அருமையை அயலார் அறிந்து, உடையவர் அறியாதிருக்குமிடத்து, அப்பொருள் உடையவரிடம் நெடுநாள் தங்குவதில்லை. மலைநாட்டு மாணாக்கரும் கரைநாட்டு மாணாக்கரும் ஒருங்கே கற்கவேண்டிய வரலாறு இது. ஏனெனில் இருவர் முன்னோரும் ஒருங்கே இழந்த துறை அது.